மயில் முதலா, கோட் முதலா?

அத்தை ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நகரியை விட்டுப் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மார்கழியிலும் ஃபேன் ஓடாமல் தூங்காதவர், போன ஜூலையில் ஒரு சாயங்காலம் வீடியோ காலில் வந்தபோது, நூல் புடவைக்கு மேலே மகனுடைய ஜிப் வைத்த பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மார்பில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர் வேறு. தாத்தாவின் கைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் போட்டு வளர்ந்த மனுஷி அவர். கடையில் புடவையை எடுத்தால் முந்தானையைப் பார்க்கமாட்டார், நேராகப் பின்பக்கத்தைத் திருப்பி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார், அதிலேயே பாதி தெரிந்துவிடும் என்பார். அவருக்கா இந்த ஸ்வெட்டர் என்று எனக்கும் தம்பிக்கும் அத்தை மகளுக்கும் ஒரே நேரத்தில் பொறுக்கவில்லை. தை மாதம் அவருக்கு 65 முடிகிறது, ஆளுக்கு 3,000 போட்டுக் கையால் செய்த கோட் ஒன்று கொடுப்பது என்று முடிவானது. எந்த மாதிரி கோட் என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

(ஜாக்கெட் என்று எழுதினால் நம் பக்கம் ரவிக்கை என்று நினைப்பார்கள், அதனால் கடைசி வரை கோட் என்றே சொல்கிறேன். முன்பக்கம் திறந்தது, முட்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்பது, முக்கால் கை, புடவை மேலும் போடலாம், சுடிதார் மேலும் போடலாம்.)

எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை: கலைஞர்கள் செய்து விற்கும் ரெடிமேட் கோட் ஒன்றை வாங்குவது, அத்தையின் பழம்புடவைகளை ஒட்டுப்போட்டு நாங்களே தைப்பது, காளஹஸ்தியில் கையால் வரைகிற கலம்காரித் துணியை வாங்கித் தையல்காரரிடம் கொடுப்பது, அல்லது கோட்டின் அளவைக் கொண்டுபோய் அதற்கென்றே வரைந்து வாங்குவது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டோம், அதனால் வேறு யாராவது இந்தக் குழப்பத்தில் இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

ரெடிமேட் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கண்காட்சியில் அத்தை மகள் ஒரு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. அவுரிச் சாயத்தில் தோய்த்த கதர், அதன் மேல் விரல் நகமளவு துணித்துண்டுகள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல், இரண்டு தோளிலும் கயிற்று முடிச்சுக் கொத்து. சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜியின் (1949–2015) படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். போட்டுப் பார்த்தபோது கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது, உட்பக்கச் சீட்டில் டிரை கிளீன் மட்டும் என்று இருந்தது, விலையோ எங்கள் மூன்று பேர் பணத்தையும் போல் மூன்று பங்கு. அத்தை எதையும் வாளியில் ஊறப்போட்டுக் கசக்கிக் கொடியில் போடுகிறவர், இதை வாங்கிக் கொடுத்தால் பீரோவில் நாப்தலின் உருண்டையோடு கிடக்கும்.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு, அத்தை மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள். சுவருக்குச் செய்கிறவர்கள் சுவருக்கே செய்கிறார்கள். பரோடாவில் படித்த லாவண்யா மணி இயற்கைச் சாயம், கலம்காரி முறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துணியில் ஓவியமாகவே செய்கிறார், அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறச் சொல்லி யாரும் நம்மைக் கேட்பதில்லை. உடுப்புக்குச் செய்கிறவர்கள் அக்குளையும் வியர்வையையும் சலவையையும் நினைத்துச் செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு விலையையும் சேர்த்து வாங்குகிற உருப்படிகள்தான் எனக்கு இடிக்கிறது. விதிவிலக்கு இருக்கும், நான் பார்த்தது அப்படி இல்லை.

பழம்புடவை யோசனை அத்தை மகளுடையது, அதற்காகவே அவளை மன்னித்துவிட்டேன். எங்கள் பக்கம் பழைய புடவைகளை இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி மேலே நெருக்கமாக நூலோட்டிப் போர்வை செய்வது எல்லா வீட்டிலும் இருந்த பழக்கம், தெலுங்கில் பொந்த என்பார்கள். வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர், கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் செய்யும் கவுதி இன்று கலைக்கூடங்கள் வரை போயிருக்கிறது. வேலை ஒன்றுதான்: நேராக நூல் ஓட்டிக்கொண்டே போவது, நிறுத்தாமல், மாதக்கணக்கில்.

குளிருக்கு என்று பார்த்தால் நான்கு வழிகளில் இதுதான் உசத்தி. இரண்டு அடுக்கு பழைய நூல்துணிக்கு நடுவில் நிற்கிற காற்று கொடுக்கும் கதகதப்பை ஒற்றைத் துணி கொடுக்காது. செலவும் கிட்டத்தட்ட இல்லை, ஏகாம்பரகுப்பத்தில் தறிக் கட்பீஸ் எடைக்குக் கிடைக்கும், அடியில் வைக்கக் காடா (வெளுக்காத முரட்டு நூல்துணி) எங்கும் உண்டு. சிக்கல் பழம்புடவையில் இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கொசுவம் விழுந்த இடமும் உட்காரும் இடமும் வலை மாதிரி இருக்கும், ஊசி போனால் அதுவே கிழிசலின் ஆரம்பம். முந்தானைப் பக்கமும் கரையும்தான் தேறும். அத்தையின் ஆறு புடவைகளைப் பிரித்துப் போட்டதில் முதுகுக்கு மட்டும்தான் தேறியது. அப்புறம் ஆள் வேண்டும். நான் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து ஒரு கையை முடிக்க ஒரு மாதம் ஆனது, முடித்ததைத் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, இது நேராப் போகுதா இல்ல ரேணிகுண்டா லைன் மாதிரி வளைஞ்சு போகுதா?" என்றான். வீட்டில் பொறுமையான கை ஒன்று இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதையே செய்யுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கை அத்தையுடையது, பரிசு வாங்குகிறவரையே தைக்கச் சொல்ல முடியுமா?

நடுவில் தம்பி, கோட் எதற்கு, ஒரு தோடர் சால்வை வாங்கினால் முடிந்தது என்றான். தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணியே நீலகிரித் தோடர் பெண்கள் போடும் வேலை அது, 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. குளிருக்கும் பொருத்தம்தான். ஆனால் அத்தைக்குச் சால்வை தோளில் நிற்காது, சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பவர், அடுப்பு எரியும்போது தொங்குகிற துணி எனக்குப் பயம். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் என்றால் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, கலம்காரி. எங்களுக்குக் காளஹஸ்தி ரொம்பத் தூரமில்லை, புத்தூர், ரேணிகுண்டா வழியாகப் பஸ் மாறிப் போய்விடலாம், ராகு கேது பூஜைக்கு வருகிற கூட்டத்தோடு கூட்டமாக நானும் பல தடவை போயிருக்கிறேன். என் முதல் தப்பும் அங்கிருந்துதான் வந்தது. மூன்று வருஷம் முன்னால் ஒரு துப்பட்டா வாங்கினேன், இரண்டரை மீட்டர், கையால் வரைந்தது, நடுவில் தோகையைப் பின்னால் விட்ட ஒரு மயில், சுற்றிலும் கொடி. துப்பட்டாவாகப் போட்டால் மடிப்பில் மயில் மறைகிறதே என்று, அதைக் குர்தாவாகத் தைக்கச் சொல்லித் தெரிந்த ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் மேல் தப்பில்லை, துணியை எப்படி மடித்தால் மிச்சம் வராதோ அப்படி மடித்து வெட்டினார், அதுதானே அவர் தொழில். தைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தோகை வயிற்றில் இருந்தது, கழுத்து பக்கவாட்டுத் தையலுக்குள் போயிருந்தது. கையைத் தூக்கினேன், அக்குளுக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

குர்தாவை அன்றே பிரித்துவிட்டேன். தேறிய துண்டுகள் ஒரு பையில் கிடந்தன. அந்த மயிலை வரைந்தவர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று பிறகு தெரிந்தபோது இன்னும் கூச்சமாக இருந்தது.

எனக்குப் புரிந்த வரையில், ஆந்திராவில் கலம்காரி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு துணிகள் விற்கின்றன. மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் செய்வது தேக்குக் கட்டைகளில் செதுக்கி அச்சுப் பதிப்பது, கோல்கொண்டா சுல்தான்கள் காலத்துப் பாரசீக ரசனை, பூவும் இலையும் கொடியும். காளஹஸ்தியில் கலம் என்கிற மூங்கில் குச்சியைப் பிடித்து வரைவது, அது கோயிலுக்கு எழுதிய துணி, ராமாயணமும் பாரதமும் கட்டம் கட்டமாகப் போகும், அடியில் தெலுங்கில் கதையும் எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. (தமிழ்நாட்டுப் பக்கமும் இல்லாமல் இல்லை, கும்பகோணம் வட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேருக்குத் தொம்பையும் (உருளையாகத் தொங்கும் துணி) விதானமும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.) அச்சுத் துணியில் ஒரே பூ சாண் இடைவெளிக்கு ஒரு தடவை திரும்ப வரும், எங்கே கத்திரி போட்டாலும் நஷ்டமில்லை. வரைந்த துணிக்குத் தலையும் காலும் உண்டு, அதை மீட்டர் கணக்கில் வெட்டுவது சாமி படத்தை நாலாகக் கிழித்துப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி.

அதனால் துணி வாங்கித் தைப்பதுதான் உங்கள் வழி என்றால், பெடனா அச்சுத் துணியை வாங்குங்கள், 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் இருந்தால் கோட்டுக்குப் போதும், ஒரு வாரத்தில் தையல்காரரிடமிருந்து வந்துவிடும், நாலு வழியிலும் சுலபம் இதுதான். அவசரமாகப் பரிசு வேண்டுமென்றால் நானே இதைத்தான் சொல்வேன். காளஹஸ்தித் துணியை வாங்கினால் துப்பட்டாவாகவோ புடவையாகவோ, முழுசாகவே உடுத்துங்கள். கத்திரியை உள்ளே விடாதீர்கள்.

இரண்டிலும் போலி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் அச்சடித்த துணிக்குப் பின்பக்கம் வெளுத்துப்போய் இருக்கும், அத்தை செய்கிற மாதிரி திருப்பினாலே தெரிந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்ட் கொஞ்சம் ஏமாற்றும், அதில் ஒரே மாதிரியான இரண்டு மயிலைத் தேடுங்கள், இறகுக்கு இறகு பொருந்தினால் அது கலம் தொட்டதில்லை. கட்டை அச்சில், கட்டையும் கட்டையும் சேருகிற இடத்தில் மயிரிழை விலகலோ ஒரு மெல்லிய மேலடுக்கோ தெரியும், அது குறையில்லை, கையின் அடையாளம். வரைந்ததில் கோடு ஒரே கனத்தில் போகாது, மையைத் தொட்ட இடத்தில் தடித்து, போகப்போக இளைத்து, மறுபடி தடிக்கும். மூக்கையும் பயன்படுத்துங்கள். புதிதாக வரைந்த துணியில் புளித்த பாலும் கடுக்காயும் கலந்த ஒரு வாடை இருக்கும், அத்தை மகள் மாட்டுத்தொழுவம் என்பாள், எனக்கு என்னவோ பிடிக்கும்.

கடைசி வழிக்கு வருகிறேன். கோட்டின் அளவைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த வடிவத்துக்குள் வரையச் சொல்வது. இது என் மூளையில் உதித்தது என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன், அப்புறம் படித்தால் 17, 18ஆம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன துணிகளில் பாவாடையின் அடிக்கரை எங்கே வரும் என்று கணக்குப் பண்ணி அந்த இடத்தில் கனமான வேலையும் மேலே இலேசான வேலையுமாக வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். அங்கே இந்தத் துணி மேல் அவ்வளவு பைத்தியம், உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போய்ப் பிரான்சில் 1686இல் தடை போட வைத்தார்கள், 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்தில் 1721இல் வந்த சட்டம் உடுத்துவதையே குற்றமாக்கியது, அதை எடுக்க 1774 ஆனது.

அந்தத் தொழில் பிறகு தேய்ந்து, இருபதாம் நூற்றாண்டு நடுவில் காளஹஸ்தியில் கலம் பிடிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலையில்தான் கைவினைகளுக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் 1950களில் அங்கே பயிற்சி மையம் வந்தது. 2008இல் பத்மஸ்ரீ வாங்கிய ஜொன்னலகட்ட குரப்ப செட்டி அந்த ஊர்க்காரர். இன்று தெருவுக்குள் போனால் வீட்டுத் திண்ணையிலும் மாடியிலும் கலம் ஓடுகிறது, அப்படி ஒரு வீட்டில்தான் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய கோட்டின் ஐந்து துண்டுகளையும் கொண்டுபோய் விரித்தேன்.

அங்கே வரைகிறவர் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகத்தான் பேசினோம், எங்களுக்கு அது பழக்கம். நான் போட்டிருந்த திட்டம், காடாத் துணியில் அளவை வரைந்து, வெட்டி, துண்டு துண்டாக அவரிடம் கொடுப்பது. சிரித்துவிட்டார். வெட்டிக் கொடுத்தால் ஓரம் பிரியும், அதைவிடப் பெரிய விஷயம், துணி இன்னும் சுருங்கவே இல்லையே அம்மா என்றார். முதலில் சாணித் தண்ணீரில் ஊறி வெளுக்க வேண்டும், அலச வேண்டும், கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் நனைய வேண்டும் (பாலின் கொழுப்புதான் மை பரவாமல் பிடித்து வைக்கிறது), அப்புறம் சிவப்புக்காகக் கொதிக்கிற அண்டாவில் வேறு கிடக்க வேண்டும். "துணி மொதல்ல தன் ஆட்டத்தை ஆடி முடிக்கட்டும், அதுக்கப்புறம் உங்க கோட்டு." ஆகவே முடிவானது இது: முழுத்துணியாகவே வெளுத்து அலசிக் காய்ந்த பிறகு, காகிதத்தை மேலே வைத்துச் சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு அளவைக் குறிப்பது, அதற்குள் படம், சாயத்தில் முக்குவதெல்லாம் முடிந்து கடைசியில் கத்திரி.

குறிக்கப் பென்சில் கூடாதாம், அதன் கோடு போகாது. புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி வைத்திருக்கிறார்கள், தட்டினால் உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்துவிட்டால் நாளைக்கு எதைப் பார்த்து வெட்டுவது என்று கேட்டேன். தையல் விழப்போகிற கோட்டின் மேல் மட்டும் மயிரிழைக்குக் கறுப்பு ஓட்டிவிடுகிறேன், தைத்த பிறகு அது உள்ளே போய்விடும் என்றார். அத்தை கோட்டை உள்பக்கம் திருப்பினால் இன்றைக்கும் அந்தக் கோடு தெரியும்.

அந்தக் கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பானையில் வாரக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள், கசிமி என்று பெயர். கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலால் கட்டியிருக்கும், அதுதான் மைக்கூடு, விரலால் இலேசாக அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும். அவர் மயிலின் கழுத்தை இழுத்தார். துணியில் விழுந்தபோது அது கறுப்பே இல்லை, தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் ஆரம்பத்திலிருந்து கறுக்க ஆரம்பித்து, கலம் போன வழியே அதைத் துரத்திக்கொண்டு போனது. துணியிலிருக்கும் கடுக்காயின் துவர்ப்பும் மையிலிருக்கும் இரும்பும் சேர்கிற இடத்தில் நடப்பது அது. சிவப்பு இன்னும் வேடிக்கை, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைத்தான் தடவுகிறார்கள், நிறமே கிடையாது, சாயம் போட்ட அண்டாவில் கொதித்து வெளியே எடுக்கும்போது அந்த இடம் மட்டும் சிவந்து வரும்.

என்ன வரைவது என்பதில் அத்தையிடம் ரகசியத்தைப் போட்டு உடைக்க வேண்டியதாயிற்று. முதலில், "ஏண்டி, இந்த வயசுல எனக்குக் கோட்டா?" என்றார். அப்புறம் குரல் மாறி, "திருத்தணி முருகனைப் போடச் சொல்லு" என்றார். போனை வைத்துப் பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டு, "வேணாம், முதுகுல சாமியை வச்சிக்கிட்டு நான் எப்படிச் சோபால சாய்வேன்?" என்று கேட்டார். வரைகிறவரும் இதையேதான் சொன்னார், உடுப்புக்குச் சாமி வேண்டாம், மயில் போதும், முருகன் அங்கேயே இருக்கிறான் என்று. ஆக முதுகில் மயில், தலை பின்கழுத்துக்கு நாலு விரல் கீழே, தோகை முழுக்க ஒரே துண்டில். முன்பக்கம் இரண்டு பலகையிலும் கொடி, பொத்தானைப் போட்டால் இடது கொடி வலது கொடியில் போய்ச் சேர வேண்டும். கைகளில் வெறும் புள்ளியும் கோடும், எங்கே மடங்கினாலும் எதுவும் உடையாத மாதிரி. அக்குளைச் சுற்றி ஒரு சாணுக்கு எதுவுமே வரையக் கூடாது என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

இந்த வழியின் குறை பொறுமை. ஐந்து வாரம் என்றார், செப்டம்பர் கடைசியில் முன்பணம் கொடுத்தேன், அக்டோபரிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. இந்த வேலையில் ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் ஓடுகிற தண்ணீரில் அலசலும் நல்ல வெயிலில் காய்ச்சலும் வேண்டும். அந்த ஊர் ஆறான சுவர்ணமுகி வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும், தண்ணீர் வருகிற மாதங்களில் வெயில் இருக்காது. தைக்கு வர வேண்டியது மாசிக்குத்தான் வந்தது. தை மாதத்துப் பரிசு என்றால் சித்திரையிலேயே சொல்லிவிடுங்கள். பணம் என்று பார்த்தால் வரைந்த கூலியும் துணியுமாக 6,500, தையலும் லைனிங்கும் 1,800, மிச்சத்தில் பஸ்ஸும் சாப்பாடும். மயில் கொஞ்சம் பெரிசாகி, பட்டில் வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

தைக்கக் கொடுக்கும்போது லைனிங் துணியை இரண்டு தடவை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். வரைந்த துணி சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும், லைனிங் அப்படியில்லை, முதல் சலவையில் அது மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டால் கோட் அப்பளம் மாதிரி நெளியும். லைனிங்கே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், நான் வேண்டும் என்பேன், வியர்வை நேராகச் சாயத்தைத் தொடாது. சலவைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், நிழலில் காய்ச்சல், முறுக்கிப் பிழியக் கூடாது. எலுமிச்சையையும் புளியையும் மட்டும் தள்ளி வையுங்கள், அந்த இரும்புக் கறுப்பு புளிப்புக்கு ஆகாது, ரசம் தெளித்த இடம் வெளுத்து நிற்கும். மஞ்சள் நிறம் முதலில் மங்கும், சிவப்பு நிற்கும். ரொம்பப் பழைய துணிகளில் கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் மட்டும் நூல் இற்றுப்போயிருக்கும், இரும்பு அரித்துவிடும், அதற்கு நம் ஆயுசு காணாது என்பதால் கவலைப்படவில்லை.

நான்கையும் எடைபோட்டால் என் கணக்கில் அளவுக்கு வரைந்து வாங்குவதுதான் ஜெயிக்கிறது, ஆனால் ஆறு மாதம் கையில் இருக்கிறவர்களுக்கும், ஒரு தடவையாவது நேரில் போய் உட்காரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்களுக்கும்தான். போனில் படம் அனுப்பி இதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, காகிதத்தைத் தரையில் விரித்துப்போட்டு அதன் மேல் நடந்து பேசியதில்தான் பாதி விஷயம் தெளிந்தது. அது முடியாதவர்களுக்குப் பெடனா துணி. வீட்டில் தைக்கிற கை இருந்தால் பழம்புடவை, அதற்கு எதுவும் ஈடில்லை.

மாசியில் கோட்டை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனோம். அத்தை முதலில் மயிலைப் பார்க்கவில்லை. மேசையில் போட்டுத் திருப்பினார், லைனிங்கை விலக்கி அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார், துணியை இரண்டு விரலில் வைத்துத் தேய்த்தார், மோந்து பார்த்தார். அப்புறம் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பொத்தானைப் போட்டார், கொடி சேர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

"எல்லாம் சரிடி, மூக்குக்கண்ணாடியை எங்க வைக்கிறது? பாக்கெட்டே இல்லையே."

காகிதத்தில் வரையும்போதும் தோன்றவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதும் தோன்றவில்லை. கோட் துணியில் மிச்சமென்று பட்டிக்குப் போக ஒன்றும் இல்லை. ஊருக்கு வந்து பீரோவைக் குடைந்து அந்தக் குர்தாத் துண்டுகள் கிடந்த பையை எடுத்துக் கூரியரில் அனுப்பினேன். அத்தையே உட்கார்ந்து, லைனிங்கின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத மாதிரி ஒரு பாக்கெட் தைத்துக்கொண்டார், தையல் எறும்பு வரிசை மாதிரி நேராக இருக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பழைய மயிலின் கண் எட்டிப் பார்க்கிறதாம்.